நெஞ்சுக்கூடு அதிரும்... லண்டன் தெருவுல ரெகே சவுண்ட் சிஸ்டம் முன்னாடி ஒரு நாள் நிக்கலாம், வாங்க!

ஆகஸ்ட் மாதத்தின் கடைசித் திங்கள்கிழமை. இங்கிலாந்து முழுக்க லீவு. நீங்கள் மேற்கு லண்டனில் ஒரு தெருவில் நடந்துகொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் வெள்ளை பெயின்ட் அடித்த, வாசலில் தூண் வைத்த பணக்கார வீடுகள். ஆனால் பல வீடுகளின் ஜன்னலையும் கதவையும் பிளைவுட் பலகை வைத்து மூடி ஆணி அடித்திருக்கிறார்கள். ஏதோ புயல் வரப்போகிற மாதிரி.

பாட்டு இன்னும் கேட்கவில்லை. கையில் இருக்கும் கூல்டிரிங்ஸ் கேன் மட்டும் லேசாக நடுங்குகிறது. இன்னும் கொஞ்சம் நடந்தால் அந்த நடுக்கம் ஷூ வழியாக ஏறி முழங்காலுக்கு வருகிறது. தெருமுனை திரும்புகிறீர்கள். ஆள் உயரத்தைத் தாண்டி அடுக்கிய கறுப்பு மரப்பெட்டிகள், சுவர் மாதிரி நிற்கின்றன. அதன் முன்னால் சில நூறு பேர். யாரும் குதிக்கவில்லை, கத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, முழங்காலை மட்டும் லேசாக மடக்கி மடக்கி ஆடுகிறார்கள். அடுத்த விநாடி பேஸ் வந்து உங்கள் நெஞ்சில் மோதுகிறது. மோதுகிறது என்பது சும்மா வர்ணனை இல்லை. சட்டை நிஜமாவே அசையும்!

இதுதான் நாட்டிங் ஹில் கார்னிவல். அந்த மரப்பெட்டிச் சுவர்தான் ரெகே சவுண்ட் சிஸ்டம். லண்டனில் படிக்கிறவர்கள், வேலை பார்க்கிறவர்கள், ஆகஸ்ட்டில் அந்தப் பக்கம் டூர் போகிறவர்கள் இந்தக் கட்டுரையை சேவ் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள். போக வாய்ப்பில்லாதவர்களும் படிக்கலாம். அடுத்த முறை பாப் மார்லி பாட்டு ஓடும்போது வேற மாதிரி கேட்கும்.

நாட்டிங் ஹில்... அந்த நீலக் கதவு படம்தானே?

அதேதான். 1999-ல் ஹியூ கிராண்ட், ஜூலியா ராபர்ட்ஸ் நடித்து வந்த 'நாட்டிங் ஹில்' படத்தின் ஏரியா. ஆனா ஒரு விஷயம். அந்தப் படத்தைப் பார்த்தால் அங்கே கரீபியன் மக்கள் வாழ்ந்த தடமே தெரியாது. நாம் பேசப்போவது படத்தில் வராத அந்த நாட்டிங் ஹில்லைப் பற்றி.

கார்னிவல் ஞாயிறு, திங்கள் என இரண்டு நாள் நடக்கும். இரண்டு நாளும் சேர்த்து பத்து லட்சத்துக்கும் மேல் கூட்டம் வரும். ஐரோப்பாவின் மிகப்பெரிய தெருத் திருவிழாக்களில் ஒன்று இது. இதற்குள் இரண்டு விதமான இசை நடக்கிறது என்பதை முதலில் புரிஞ்சுக்கணும். லேட்ப்ரோக் க்ரோவ், வெஸ்ட்போர்ன் க்ரோவ் மாதிரியான பெரிய சாலைகளில் ஊர்வலம் போகும். இறகு வைத்த ஆடைகள், ஸ்டீல்பேண்ட் வண்டிகள், லாரி மேல் வைத்த ஸ்பீக்கரில் படு வேகமான சோகா பாட்டு. இது டிரினிடாட் தீவின் மரபு. இன்ஸ்டாகிராமில் நீங்கள் பார்க்கும் கார்னிவல் போட்டோ எல்லாம் பெரும்பாலும் இதுதான்.

அந்த ஊர்வலப் பாதை ஒரு வளையம் மாதிரி சுற்றிப் போகும். அந்த வளையத்துக்கு உள்ளே இருக்கும் சின்னச் சின்னக் குறுக்குத் தெருக்களில், நகராமல் ஒரே இடத்தில் நிற்பவை சவுண்ட் சிஸ்டங்கள். முப்பதுக்கும் மேல் இருக்கும். எல்லாமே ரெகே கிடையாது. ஹவுஸ், ஹிப் ஹாப், சம்பா, சோகா எல்லாம் உண்டு. ஆனால் இந்த வடிவத்தையே கொண்டுவந்தது ஜமைக்கா. அதனால் நாம் ரெகே முனைக்கே போவோம்.

ஸ்பீக்கர் வேற, சவுண்ட் சிஸ்டம் வேற

"நம்ம ஊர் மைக் செட் மாதிரிதானே?" என்று கேட்கத் தோன்றும். வாடகைக்கு வந்து, யார் பாட்டு கேட்டாலும் போட்டுவிட்டுப் போகும் மைக் செட் இல்லை இது. சவுண்ட் சிஸ்டம் என்பது ஒரு குழுவின் பெயர். கிரிக்கெட் டீமுக்கு இருக்கிற மாதிரி அதற்கென்று பெயர், வரலாறு, ரசிகர்கள், ஜென்மப் பகையாளிகள் எல்லாம் உண்டு. பெட்டிகளைப் பெரும்பாலும் அவர்களே மரம் அறுத்து, அளவு பார்த்துச் செய்திருப்பார்கள். அந்தப் பெட்டியின் 'குரல்' அவர்களுடையது. ஒரே பாட்டு இரண்டு சிஸ்டத்தில் இரண்டு மாதிரி கேட்கும்.

குழுவில் யார் யார்? பாட்டைத் தேர்ந்தெடுத்துப் போடுகிறவர் 'செலக்டர்'. மைக் பிடித்துப் பாட்டின் மேலேயே தாளத்துக்குப் பேசுகிறவரை ஜமைக்காவில் 'டீஜே' என்பார்கள். குழப்பிக்கொள்ளாதீர்கள், நாம் டீஜே என்று சொல்லும் ஆள் அங்கே செலக்டர். ஆம்ப்ளிஃபயரையும் எஃபெக்ட்டையும் கையாளுகிறவர் ஆபரேட்டர். அப்புறம் பெட்டிகளைத் தூக்குகிற 'பாக்ஸ் பாய்ஸ்'. பிற்காலத்தில் பெரிய செலக்டர் ஆனவர்களில் பலர் பெட்டி தூக்கித்தான் உள்ளே வந்தார்கள்.

இப்போ கொஞ்சம் சயின்ஸ். பயப்படாதீங்க, ரெண்டே பாரா.

உங்கள் போன் ஸ்பீக்கர் மிகவும் சின்னது. அடி பேஸ் ஒலியை அதனால் எழுப்பவே முடியாது. போனில் ரெகே கேட்டால் கிட்டாரின் 'ச்சக்... ச்சக்' மட்டும்தான் கேட்கும், பாட்டின் பாதி காணாமல் போயிருக்கும். இயர்பட்ஸ் பரவாயில்லை. ஆனால் அது காதுக்கு மட்டும் பேஸ் கொடுக்கும், உடம்புக்குக் கொடுக்காது. 50 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியின் ஓர் அலை சுமார் 7 மீட்டர் நீளம். ஒரு வேனைவிட நீளம்! அவ்வளவு பெரிய அலையை உருவாக்க நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதற்குத்தான் அந்தப் பிரமாண்டப் பெட்டிகள். 'ஸ்கூப்' என்று ஒரு வகை உண்டு. 18 அங்குல ஸ்பீக்கர் முன்பக்கம் தள்ளும் காற்று நேரடியாக வரும். பின்பக்கம் தள்ளும் காற்றை வீணாக்காமல், பெட்டிக்குள்ளேயே வளைத்துக் கொம்பு மாதிரி விரித்து வெளியே விடுவார்கள். ஒரே ஸ்பீக்கரில் இரட்டை உழைப்பு.

நீள அலைகளுக்கு இன்னொரு குணம், சுவரோ வீடோ குறுக்கே வந்தால் வளைந்து வந்துவிடும். மேல் ஸ்வரங்கள் அப்படி இல்லை, கட்டடத்தில் முட்டி நின்றுவிடும். அதனால்தான் பாடகரின் குரல் கேட்பதற்கு முன்பே, மூன்று தெரு தள்ளி உங்கள் கேன் நடுங்கியது. கார்னிவலில் வழி தெரியாமல் சுற்றினால் கூகுள் மேப்பைவிடக் கால் பாதம் நல்ல வழிகாட்டி.

கதவைச் சாத்தினாங்க... பெட்டியைக் கட்டினாங்க

கதை ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் தொடங்குகிறது. 1940-களின் கடைசி, 50-களின் தொடக்கம். நல்ல ஹோட்டல்களில் பேண்ட் வாசிக்கும். ஆனால் ஏழை மக்கள் அங்கே நுழைய முடியாது. அமெரிக்க ரிதம் அண்ட் ப்ளூஸ் ரெக்கார்டு வாங்கலாம் என்றால் பிளேயர் வாங்கக் காசில்லை. அதனால் சிலர் பெரிய பெட்டிகள் கட்டி, திறந்த வெளியில் சின்னக் கட்டணத்துக்கு டான்ஸ் நடத்த ஆரம்பித்தார்கள். இரும்புச் சாமான் கடை வைத்திருந்த டாம் வாங் என்பவரின் 'டாம் தி கிரேட் செபாஸ்டியன்' அதில் முன்னோடி. பிறகு டியூக் ரீட், காக்ஸன் டாட் என்று இரண்டு ஜாம்பவான்கள். இவர்களுக்குள் நடந்த போட்டி இருக்கே, அது ஒரு வெப் சீரிஸுக்கான கதை! எந்தப் பாட்டு என்று எதிரிக்குத் தெரியக் கூடாது என்பதற்காக ரெக்கார்டு மேல் ஒட்டியிருக்கும் லேபிளைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள்.

இந்தப் போட்டியில்தான் அவர்கள் சொந்தமாகப் பாட்டுப் பதிவு செய்ய இறங்கினார்கள். ஸ்கா வந்தது, ராக்ஸ்டெடி வந்தது, 1960-களின் முடிவில் ரெகே வந்தது. கச்சேரி மேடை, ரேடியோ எல்லாவற்றையும்விட சவுண்ட் சிஸ்டத்துக்காகவே செய்யப்பட்ட இசை இது. குழம்புக்கு என்றே அரைத்த மசாலா மாதிரி. வேறு எதில் போட்டாலும் ருசி கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

அதே காலத்தில் இன்னொரு பயணம். இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிரிட்டனில் வேலைக்கு ஆள் இல்லை. 1948 ஜூனில் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் கரீபியன் மக்களை ஏற்றிக்கொண்டு டில்பரி துறைமுகத்துக்கு வந்தது. தொடர்ந்து பல ஆயிரம் பேர் வந்து பஸ் ஓட்டினார்கள், மருத்துவமனைகளில் நர்ஸாக வேலை பார்த்தார்கள். ஆனால் வீடு கேட்டுப் போனால் 'கறுப்பர்களுக்கு இடமில்லை' என்று போர்டு. பப், கிளப் வாசலிலும் அதே கதை. இதைத் தடுக்க அப்போது சட்டமே கிடையாது. 1965-ல்தான் பொது இடங்களில் நிறவேற்றுமைக்கு எதிரான முதல் சட்டம் வந்தது. வீட்டு வாடகையையும் அதில் சேர்க்க 1968 ஆனது.

அப்போது நாட்டிங் ஹில் பணக்கார ஏரியா இல்லை. பாழடைந்த வீடுகளை அறை அறையாகப் பிரித்து, கொள்ளை வாடகைக்கு விட்ட இடம். வேறெங்கும் வீடு கிடைக்காதவர்கள் அங்கே நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். சனிக்கிழமை இரவு எங்கே போவது? வீட்டின் பாதாள அறையைக் காலி செய்து, சவுண்ட் சிஸ்டத்தை இறக்கி, வாசலில் சில்லறை வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார்கள். ஆட்டுக்கறிக் குழம்பும் பீரும் தனிக் காசு. இதுதான் 'ப்ளூஸ் பார்ட்டி'. டியூக் வின் என்ற ஜமைக்காக்காரர் கப்பலில் டிக்கெட் இல்லாமல் ஒளிந்து வந்து, 1950-களின் நடுவில் லண்டனில் கட்டியதுதான் பிரிட்டனின் முதல் ஜமைக்கா சவுண்ட் சிஸ்டம் என்பார்கள். இயக்குநர் ஸ்டீவ் மெக்வீன் 2020-ல் எடுத்த 'லவ்வர்ஸ் ராக்' படம் முழுக்க இப்படி ஒரு ராத்திரிதான். கார்னிவல் போவதற்கு முன்னால் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1973 ஆகஸ்ட்

1958-ன் ஆகஸ்ட் இறுதியில் நாட்டிங் ஹில் தெருக்களில் வெள்ளை இளைஞர் கும்பல்கள் கரீபியன் மக்களின் வீடுகளைத் தாக்கின. பல இரவுகள் நீடித்த கலவரம். அதற்குப் பதிலாக டிரினிடாட்டில் பிறந்த பத்திரிகையாளர் கிளாடியா ஜோன்ஸ் ஒரு காரியம் செய்தார். 1959 ஜனவரியில் லண்டனின் செயின்ட் பேங்க்ராஸ் டவுன் ஹாலுக்குள் ஒரு கரீபியன் கார்னிவல் நடத்தினார். குளிர்காலம், அதனால் கட்டடத்துக்குள்ளே. பிபிசி அதை ஒளிபரப்பியது. 1966-ல் ரோன் லாஸ்லெட் என்ற சமூக சேவகி நாட்டிங் ஹில் குழந்தைகளுக்காக ஒரு தெரு விழா நடத்தினார். அதில் ரஸல் ஹெண்டர்சனின் ஸ்டீல்பேண்ட் வாசித்துக்கொண்டே தெருவில் நடக்க, மக்கள் பின்னாலேயே போனார்கள். ஊர்வலம் பிறந்தது அப்படித்தான்.

ஆனால் சில வருடங்களில் கூட்டம் குறைந்தது. காரணம் எளிமையானது. ஸ்டீல்பேண்டும் கலிப்ஸோவும் டிரினிடாட்காரர்களின் இசை. லண்டனிலேயே பிறந்து வளர்ந்த பையன்களும் பெண்களும் ரெகே கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1973-ல் பொறுப்புக்கு வந்த லெஸ்லி பால்மர், அவரும் டிரினிடாட்காரர்தான், ஒரு முடிவெடுத்தார். பாதாள அறைகளில் இருக்கும் சவுண்ட் சிஸ்டங்களைத் தெருவுக்குக் கொண்டுவாருங்கள்! இரண்டே வருடத்தில் சில ஆயிரமாக இருந்த கூட்டம் லட்சங்களானது.

இதே 1973 ஆகஸ்ட்டில், கடலுக்கு அந்தப் பக்கம் நியூயார்க்கின் பிராங்க்ஸில், கிங்ஸ்டனில் பிறந்த டீஜே கூல் ஹெர்க் ஒரு பார்ட்டியில் தன் ஸ்பீக்கர்களை வைத்துப் பாட்டுப் போட்டார். ஹிப் ஹாப் பிறந்த நாள் என்று உலகம் கொண்டாடும் 1973 ஆகஸ்ட் 11 அதுதான். ஒரே மாதம், இரண்டு கண்டம், ஒரே ஜமைக்கா மரப்பெட்டி. யோசிச்சுப் பார்த்தா புல்லரிக்குதுல்ல?

எல்லாம் கொண்டாட்டமாகவே போகவில்லை. 1976-ல் ஆயிரக்கணக்கான போலீஸாரைக் குவித்தார்கள். சந்தேகம் வந்தாலே பிடித்துப் போகலாம் என்ற பழைய சட்டத்தால் கறுப்பின இளைஞர்கள் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருட கார்னிவல் கலவரத்தில் முடிந்தது. அப்போதிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் "இதைத் தெருவிலிருந்து எடுத்து ஹைட் பார்க்கில் போடுங்கள்" என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். நெரிசல், குற்றம், செலவு என்று அவர்கள் சொல்லும் காரணங்களில் சில உண்மையும்கூட. ஆனால் கேட் போட்டு, டிக்கெட் போட்டு, பார்க்கில் நடத்தினால் அது இன்னொரு மியூசிக் ஃபெஸ்டிவல். எந்தத் தெருவில் இவர்களுக்கு வீடு இல்லை என்றார்களோ அதே தெருவில், அதே வீட்டு வாசலில் பெட்டியை அடுக்குவதில்தான் விஷயமே இருக்கிறது. இன்றைக்கு அந்த வீடுகளின் விலை என்ன தெரியுமா? அந்தப் பெட்டிகளைத் தூக்கியவர்களின் பிள்ளைகளால் அங்கே வாடகைக்குக்கூட இருக்க முடியாத விலை. இரண்டு நாள் மட்டும் திரும்பி வருகிறார்கள்.

சரி, முன்னாடி போய் நின்னாச்சு. இப்போ என்ன பண்ணணும்?

முதல் தடவை போகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு, முப்பது சிஸ்டத்தையும் பார்த்துவிடணும் என்று ஓடுவது. பத்து நிமிடம் இங்கே, ஐந்து நிமிடம் அங்கே, நடுவில் ரீல்ஸ். ஒன்றுமே பிடிபடாது. என் பேச்சைக் கேளுங்கள். ஒரே ஒரு சிஸ்டத்தைத் தேர்ந்தெடுத்து, குறைந்தது ஒரு மணி நேரம் நில்லுங்கள். இசைக்குப் பழக உடம்புக்கே ஒரு இருபது நிமிடம் தேவைப்படும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? ஆழமான ரூட்ஸ் ரெகே, டப் வேண்டும் என்றால் ஆபா ஷாண்டி-ஐ பெயரை விசாரியுங்கள். 1990-களிலிருந்து கார்னிவலில் பாட்டுப் போடுகிறவர். 1979-ல் இரண்டு சகோதரர்கள் தொடங்கிய சேனல் ஒன் சிஸ்டமும் பல பத்து வருடங்கள் கார்னிவலின் அடையாளமாக இருந்தது. தங்கள் அப்பாவின் சிஸ்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் இவர்கள். இவர்களின் செலக்டர் மைக்கி ட்ரெட் ஒரே ஒரு டர்ன்டேபிளில் போடுவார். ஒரு ரெக்கார்டு முடிந்து அடுத்ததை மாற்றும் வரை நடுவில் அமைதி. மிக்ஸிங்கும் இல்லை, அவசரமும் இல்லை. ஆனால் யார் எந்த வருடம், எந்த முனையில் என்பது மாறிக்கொண்டே இருக்கும். அந்த வருடத்துப் பட்டியலைக் கிளம்பும் முன்பே பார்த்து, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போனபின் நெட்வொர்க்கை நம்பாதீர்கள்.

இப்போது தாளம். நாம் கேட்டுப் பழகிய பெரும்பாலான பாட்டில் முதல் அடிதான் பலமான அடி. ரெகேயின் 'ஒன் டிராப்' தாளத்தில் அந்த முதல் அடி காலி! டிரம்ஸின் கனமான அடி மூன்றாவதில்தான் விழும். நடுநடுவே கிட்டார் 'ச்சக்' என்று வெட்டும். அந்தக் காலி இடம்தான் ரெகேயின் சொகுசு. முதல் அடிக்குக் குதிக்கப் போனால் படி இல்லாத இடத்தில் கால் வைத்த மாதிரி இருக்கும். அதனால் குதிக்காதீர்கள். கிட்டாரை விட்டுவிட்டு பேஸைப் பிடியுங்கள். முழங்காலைத் தளர்த்துங்கள். அது உங்களை ஆட்டிவிடும். டான்ஸ் வராது என்று ஓரமாக நிற்கிற ஆளா நீங்கள்? உலகத்திலேயே உங்களுக்குத் தோதான டான்ஸ் இதுதான். யாரும் உங்களைப் பார்க்க மாட்டார்கள், எல்லோரும் பெட்டியைப் பார்த்துத்தான் நிற்பார்கள்.

திடீரென்று பேஸ் மொத்தமாக நின்றுவிடும். பாட்டு தகர டப்பாவில் கேட்கிற மாதிரி மெலிந்து ஓடும். சிஸ்டம் ரிப்பேர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆபரேட்டர் வேண்டுமென்றே வெட்டியிருக்கிறார். எக்கோ சுற்றும், சைரன் ஊளையிடும், கூட்டம் மூச்சைப் பிடிக்கும். அப்புறம் பேஸைத் திரும்பத் திறப்பார் பாருங்கள்... அந்த ஒரு விநாடிக்காகத்தான் அத்தனை பேரும் வந்திருக்கிறார்கள். பாட்டிலிருந்து குரலை உருவி, டிரம்ஸையும் பேஸையும் மட்டும் வைத்து விளையாடும் இந்த வித்தைக்கு 'டப்' என்று பெயர். கிங்ஸ்டனில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த கிங் டப்பி இதை ஒரு கலையாகவே மாற்றினார். இன்றைக்கு ரீமிக்ஸ் என்று சொல்கிற எல்லாவற்றுக்கும் அவர் கடையில் ஒரு பழைய பாக்கி இருக்கிறது.

இன்னொன்று, 'ரீவைண்ட்'. பாட்டு தொடங்கி இருபது விநாடிகூட ஆகியிருக்காது. கூட்டம் கையைத் தூக்கி ஆர்ப்பரிக்கும், ஊதல் ஊதும். செலக்டர் ரெக்கார்டைச் சரட்டென்று பின்னால் இழுத்து மறுபடி முதலிலிருந்து போடுவார். ஒன்ஸ்மோர்தான். அந்தப் பாட்டு பெரும்பாலும் 'டப்பிளேட்' ஆக இருக்கும். அந்த சிஸ்டத்துக்காகவே தனியாகப் பதிவு செய்து வெட்டிய ரெக்கார்டு. பாடகரே சிஸ்டத்தின் பெயரைச் சொல்லிப் பாடியிருப்பார். ஸ்பாட்டிஃபையில் தேடினால் கிடைக்காது. ஷாஸாம் பண்ணினாலும் முழிக்கும். அங்கே இருந்தவர்களுக்கு மட்டும்தான் அது.

போனில் வீடியோ எடுத்தால் என்ன ஆகும் என்று முயற்சி செய்து பாருங்கள். வெறும் 'கரகர' சத்தம்தான் பதிவாகியிருக்கும். அந்த அழுத்தத்தை மைக்கால் தாங்க முடியாது. ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனை உள்ளே வையுங்கள். உள்பாக்கெட்டில், ஜிப் போட்டு. போன் திருட்டு லண்டன் முழுக்க இருக்கும் தொல்லை, இந்தக் கூட்டத்தில் சொல்லவே வேண்டாம்.

ஆடும்போது பக்கத்தில் இருப்பவர் சிரித்தார் என்பதற்காக இடுப்பில் கை வைக்கும் வேலை மட்டும் வேண்டாம். கார்னிவல் என்றால் எல்லாம் நடக்கும் என்பது வெளியில் இருந்து வருபவர்களின் கற்பனை. அங்கே பாட்டி, அம்மா, பேத்தி என்று மூன்று தலைமுறையும் ஒரே பெட்டி முன்னால் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

காது ஒண்ணுதான் செட்

இதை மட்டும் சீரியஸாகப் படியுங்கள். 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் 15 நிமிடம்தான். பெரிய ஸ்பீக்கர் முன்னால் 100 என்பது சாதாரணம். உள்காதில் ஒலியை வாங்கும் நுண்ணிய செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. வாழ்நாள் முழுக்கக் காதில் 'கொய்ங்' என்று கேட்கும் பிரச்னை எத்தனையோ பழைய செலக்டர்களுக்கு உண்டு.

நல்ல செய்தி, ரெகே கேட்க முழுக் காதும் தேவையில்லை! இசைக்கென்றே விற்கும் இயர் பிளக் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். கூர்மையான சத்தம் குறையும், பேஸ் நெஞ்சு வழியாக வந்துகொண்டேதான் இருக்கும். கொடுக்கல் வாங்கலில் நஷ்டமே இல்லாத டீல். பெட்டிக்கு நேர் முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்காமல், பத்துப் பதினைந்து அடி பின்னால் நடுவில் நின்றால் எல்லா ஸ்வரமும் ஒன்றுசேர்ந்து வரும். குழந்தையோடு போனால் ஞாயிற்றுக்கிழமை போங்கள், அதுதான் குடும்பங்களுக்கான நாள். குழந்தைக்குக் காதை மூடும் ஹெட்செட் கட்டாயம்.

போக்குவரத்தைப் பொறுத்தவரை, லேட்ப்ரோக் க்ரோவ் ஸ்டேஷனை இரண்டு நாளும் மூடிவிடுவது வழக்கம். கொஞ்சம் தள்ளி இறங்கி நடந்துவிடுங்கள். உள்ளே நுழைந்ததும் வெளியேற இரண்டு வழி எவை என்று பார்த்து வையுங்கள். ஒரு தெரு முன்னாலும் பின்னாலும் அசைய முடியாமல் இறுகுகிறது என்றால் பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் கிளம்பிவிடுங்கள். டாய்லெட்? பெரிய சோதனை. தங்கள் வீட்டு டாய்லெட்டைக் காசுக்கு விடும் குடியிருப்பவர்களும் உண்டு, அந்த வரிசையும் நீளம்தான்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். எண்ணெய் டிரம்மை நெடுக்குவாட்டில் பாதியாக வெட்டி அடுப்பாக்கி, அதில் வாட்டும் ஜமைக்கா 'ஜெர்க் சிக்கன்' புகை ஏரியா முழுக்க மணக்கும். ஸ்காட்ச் பானட் என்ற மிளகாயின் காரம் நம்ம ஆட்களையே தண்ணி கேட்க வைக்கும். பக்கத்துக் கடையில் டிரினிடாட் ரொட்டியும் கறியும் கிடைக்கும். பெயரைப் பார்த்ததும் சந்தேகம் வருதா? சரிதான், அது நம்மவர்கள் கொண்டுபோனது. 1838 முதல் கரும்புத் தோட்டங்களுக்காக இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலில் கரீபியனுக்குக் கொண்டுபோனார்கள். கல்கத்தாவிலிருந்து போனவர்கள் அதிகம், சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. கயானாவில் அவர்களின் வாரிசுகள் இன்றும் தப்பு அடித்து மாரியம்மனுக்கு விழா எடுக்கிறார்கள். ரொட்டியை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி பெட்டி முன்னால் போய் நில்லுங்கள்.

மூணு மணிக்கு ஒரு அமைதி

2017 ஜூன் 14 அன்று, கார்னிவல் தெருக்களிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடி அடுக்குமாடிக் குடியிருப்பு தீப்பிடித்து எரிந்தது. 72 பேர் இறந்தார்கள். கட்டடத்தின் வெளிச்சுவரில் பொருத்தியிருந்த, எளிதில் தீப்பற்றும் பலகைகள் வழியாகத் தீ விறுவிறுவென மேலேறியது. இறந்தவர்களில் பலர் புலம்பெயர்ந்து வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

அதன்பின் கார்னிவலின் இரண்டு நாளும் பிற்பகல் 3 மணிக்கு எல்லாம் நிற்கிறது. 72 விநாடிகள். ஊர்வல லாரி, ஸ்டீல்பேண்ட், முப்பது சவுண்ட் சிஸ்டம், எல்லாம். இது நடக்கும்போது நீங்கள் ஒரு பெட்டிச் சுவர் முன்னால் நின்றிருந்தால் ஒன்றைக் கவனிப்பீர்கள். காலையிலிருந்து உங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்த அதிர்வு நின்றதும் உடம்பு ஒரு கணம் தடுமாறும். ஆம்ப்ளிஃபயரின் மெல்லிய 'ம்ம்ம்' மட்டும் கேட்கும். எங்கோ ஒரு குழந்தை அழும். பக்கத்தில் நிற்கும் முதியவர் தொப்பியைக் கழற்றியிருப்பார். அந்த நேரத்தில் போனை எடுக்காதீர்கள், பேசாதீர்கள், சும்மா நில்லுங்கள். பிறகு செலக்டர் குனிந்து ஊசியை ரெக்கார்டில் வைப்பார்.

சாயங்காலம் 7 மணிக்கு சவுண்ட் சிஸ்டங்கள் எல்லாம் நிறுத்தியாக வேண்டும் என்பது விதி. கடைசிப் பாட்டு பெரும்பாலும் எல்லோருக்கும் வரிகள் தெரிந்த பழைய பாட்டாக இருக்கும். சிஸ்டத்தை அணைத்த பிறகும் கூட்டம் பாடி முடிக்கும். உடனே கிளம்பி ஸ்டேஷன் நெரிசலில் போய் மாட்டாதீர்கள். ஓரமாக ஒரு படிக்கட்டில் உட்காருங்கள். பாக்ஸ் பாய்ஸ் வந்து சுவரை ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்து லாரியில் ஏற்றுவார்கள். ஒரு ஸ்கூப்புக்கு இரண்டு ஆள், நான்கு கை. பின்னாலேயே துப்புரவு வண்டி வரும். பெட்டி இருந்த இடத்தில் ஒரு வீட்டு வாசல் தெரியும், அதன்மேல் ஆணி அடித்த பிளைவுட் பலகை. அதை நாளைக் காலையில்தான் கழற்றுவார்கள்.